ஹாஸ்கெட் மைதானம்

ஹார்லன் ஸ்பிரிங்ஸ், கான்சஸ்
செப்டம்பர் 9, 1984

லோவல்,

‘அன்புள்ள’ என்று எழுத வரவில்லை. எழுதினால் அது பொய். அப்பாவை ஜனவரியில் அடக்கம் செய்தோம். ஊரே கடையை அடைத்துவிட்டு வந்தது. பெற்ற மகன் வரவில்லை. பூ மட்டும் வந்தது, அதுவும் அம்மா பேருக்கு. கார்டில் உன் பெயரைத் தவிர ஒரு வார்த்தை இல்லை.

சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம் பள்ளியின் ஃபுட்பால் மைதானத்துக்கு, இத்தனை வருஷம் அங்கே கோச்சாக இருந்த அப்பாவின் பெயரை வைக்கப்போகிறார்கள். ‘வெர்னன் ஹாஸ்கெட் மைதானம்’. நீல எழுத்தில் பலகை தயாராகிவிட்டது, நானே பார்த்தேன். அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை. பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்பும் ஹோம்கமிங் ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ராணிக்கு முடி சூட்டுவதற்கு முன்னால் பலகைத் திறப்பு. அம்மாவை மைதானத்தின் நடுவில் நிற்க வைத்துப் பூங்கொத்து கொடுக்கப்போகிறோம்.

இந்த வருஷம் விழாக் கமிட்டிக்கு நான்தான் தலைவி. மனையியல் பாடம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன வேலை என்று தலையில் கட்டிவிட்டார்கள். மத்தியானம் மெயின் தெருவில் ஊர்வலம், அப்புறம் ஜிம்மில் கார்னிவல். பள்ளி முதல்வர் என்ஸ்லி தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகையில் உட்கார ஒப்புக்கொண்டார். குறி பார்த்துப் பந்து எறிந்தால் தொட்டிக்குள் விழுவார். பிள்ளைகள் இப்போதே வரிசை போட்டுவிட்டார்கள். கேக் நடைக்கு வழக்கம்போல அம்மாதான் கேக் செய்கிறாள். இசை நின்றதும் யார் எந்த எண்ணில் நிற்கிறார்களோ, அவர்களுக்குக் கேக். அம்மாவின் சாக்லெட் கேக்குக்காக மட்டும் சிலர் காலையிலிருந்தே நடப்பார்கள், உனக்கு ஞாபகம் இருக்குமே. என் மகள் டீனா ஒன்பதாம் வகுப்பு சார்பில் ராணிக்குத் தோழியாக நிற்கிறாள். அவளை நீ பார்த்ததே இல்லை.

வா. அப்பாவுக்காக வேண்டாம், அம்மாவுக்காக வா. ஊர் மறந்துவிட்டது. அப்பாவை நீ அடித்ததை யாரும் இப்போது பேசுவதில்லை.

மார்லிஸ்


கோடியாக், அலாஸ்கா
செப்டம்பர் 20

மார்லிஸ்,

கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை.

அக்டோபரில் நண்டுப் படகில் வேலை. அது காரணம் இல்லை. வேலை இல்லாவிட்டாலும் வரமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த விழா அம்மாவுக்கு வேண்டுமா என்று அவளைக் கேட்டாயா? கமிட்டித் தலைவியாக இல்லை, மகளாக. பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேள். அவளை மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தாதே. கேக் செய்யட்டும், வீட்டில் இருக்கட்டும்.

டீனாவுக்கு என் வாழ்த்து. அவளுக்குக் குளிர்காலக் கையுறை அனுப்பியிருக்கிறேன், இங்கே ஒரு பெண் பின்னுவது. அளவு தெரியாமல் வாங்கினேன்.

லோவல்


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
செப்டம்பர் 28

லோவல்,

கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோதுதான் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, உனக்கு இது வேணுமா?” என்று கேட்டேன். மடித்த துண்டை அடுக்கில் வைத்தாள். அப்புறம், “எனக்கு மைக் குடுப்பாங்களா?” என்றாள். “நன்றின்னு ரெண்டு வார்த்தை சொல்லணும்னா குடுப்பாங்க” என்றேன். “அப்ப வரேன்” என்றாள். போதுமா?

அம்மாவை வீட்டில் பூட்டிவைக்கச் சொல்ல நீ யார்? எனக்குப் பதினோரு வயசு, லோவல். பக்கத்து ஊரில் தோழி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வந்தேன். சமையலறைத் தரையில் ரத்தம். அப்பாவின் மூக்கில் கட்டு. நீ இல்லை. நீ என்று ஒருவன் இருந்ததே இல்லை என்பதுபோல யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டதற்காக அப்பா திட்டினார், நீ அவர் மூக்கை உடைத்துவிட்டு ஓடிப்போனாய். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஷெரிஃபிடம் அம்மாவே அப்படித்தான் சொன்னாள். அதற்கப்புறம் அப்பா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், கல்யாணத்தில் என் கையைப் பிடித்து அழைத்துப்போனார், தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போது அழுதார். நீ அந்த மனிதரைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன்.

கையுறை டீனாவுக்குப் பெரிது. போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

மார்லிஸ்


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 13, சனிக்கிழமை

லோவல்,

வேகமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் இரண்டு தடவை படி. உன்னிடம் போன் இருந்தால் இப்போதே கூப்பிட்டிருப்பேன். இல்லாததும் நல்லதுதான், பேச வந்திருக்காது.

நேற்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஊர்வலத்தில் டிராக்டர் நிற்கவில்லை, காகிதப் பூ ஒன்றும் காற்றில் பறக்கவில்லை. என்ஸ்லி ஆறு தடவையோ ஏழு தடவையோ தண்ணீரில் விழுந்தார். ஜிம் முழுக்க சில்லிக் குழம்பும் பாப்கார்னும் மணத்தது. அம்மா புது நீலக் கோட்டில் கேக் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். “ஓலெட்டா, இன்னைக்கு உன் நாள்” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். “ஆமா, ஆமா” என்றாள்.

பாதி ஆட்டத்தில் நாம் முன்னணியில். விளக்கெல்லாம் போட்டாயிற்று. அப்பாவிடம் ஆடிய பழைய ஆட்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். என் வீட்டுக்காரர் கர்ட்டும் அதில் ஒருவர். பலகையின் துணியை இழுத்தார்கள். ஊரே எழுந்து நின்றது. என்ஸ்லி, “பையன்களை மனுஷனாக்கினவர்” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார். நான் பூங்கொத்தோடு பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

“உட்காருங்க எல்லாரும். ரொம்பப் பேசமாட்டேன். வெர்னன் நல்ல கோச். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. உங்க பசங்க மேல ஒருநாளும் கை வெச்சதில்ல. அந்தக் கோவத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோத்த வெள்ளிக்கிழமை என்னை அடிச்சார். ஜெயிச்ச வெள்ளிக்கிழமையும் சில சமயம் அடிச்சார்.”

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். நானும் முதலில் ஏதோ தப்பாகக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன்.

“இந்தக் கை உடைஞ்சப்ப மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொன்னேன். எல்லாரும் ‘அடடா, பாத்து நடக்கக்கூடாதா ஓலெட்டா’ன்னீங்க. ஆளுக்கொரு பாத்திரத்துல சாப்பாடு கொண்டாந்து குடுத்தீங்க. எங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க. எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது.”

லோவல், நம் வீட்டுக்கு மாடி கிடையாது. இருபது வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ‘அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டாள்’ என்று என் வாயாலேயே டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

என்ஸ்லி மேலே ஒலிபெருக்கி அறையைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல சைகை காட்டினார். மைக் செத்துவிட்டது. அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள். புல்லின் மேல் மெதுவாக வைத்தாள். அப்புறம் சொந்தக் குரலிலேயே பேசினாள். பேண்ட் வாசிக்கச் சொல்லி மாஸ்டர் கையைத் தூக்கினார். பிள்ளைகள் வாசிக்கவில்லை. ஒரே ஒரு ஊதுகுழல் மட்டும் ‘பாம்’ என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. அவ்வளவு அமைதி. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

“என் மகன் லோவல் அப்பாவோட மூக்கை உடைச்சவன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஏன்னு ஒருத்தரும் கேக்கல. ஷெரிஃப் கேட்டார். நான் பொய் சொன்னேன். பையன்தான் ஆரம்பிச்சான்னேன். ஆரம்பிச்சது அவன் இல்ல. என்மேல விழுந்த அடியை நிறுத்தத்தான் அவன் கை ஓங்கினான். அவன் எந்தத் தப்பும் பண்ணல. மைதானத்துக்கு யார் பேரை வேணும்னாலும் வைங்க. இந்தப் பேரை வெச்சா, நானும் சம்மதிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவ்வளவுதான். யாரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. கையில் செவ்வந்திப் பூங்கொத்து, பக்கத்தில் என்னைப் பெற்ற தாய், என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. ராணித் தோழிகளின் வரிசையிலிருந்து டீனா வந்தாள். உயரச் செருப்பு புல்லில் குத்திக் குத்தி நின்றது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்து, “பாட்டி, வா, போலாம்” என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். பதினாலு வயசு.

இதைக் கேள். மிச்ச ஆட்டம் நடந்தது! விசில் அடித்தார்கள், பிள்ளைகள் ஓடிவந்தார்கள், ஆடினார்கள். முடி சூட்டுவதை ஆட்டம் முடிந்தபின் ஜிம்மில் அவசர அவசரமாக முடித்தார்களாம்.

காரில் வரும்போது அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “அந்தச் சாக்லெட் கேக் கடைசில யாருக்குப் போச்சு?”

நிஜமா, லோவல்? உன்னைத் தவிர நான் யாரைக் கேட்பது? வயசான காலத்தில் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இங்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ‘ஆமாம், புத்திதான் பிசகிவிட்டது’ என்று நீ எழுதினால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். அதனால் அப்படி எழுதாதே. உள்ளதை எழுது.

மார்லிஸ்


கோடியாக்
அக்டோபர் 24

மார்லிஸ்,

நிஜம்.

உன் கடிதத்தைத் தபால் ஆபீசில் நின்றுகொண்டே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன், தரையில். தபால்காரி வெளியே வந்து, “யார் போய்ட்டாங்க?” என்றாள். “யாரும் போகல. எங்கம்மா பேசிட்டா” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஒருதடவைதான் எழுதுவேன்.

அன்று தோற்றோம். பந்தை நழுவவிட்டது நான். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, தொடவும் இல்லை. என்னைத் திட்டினார் என்பது ஊருக்காகச் செய்த கதை. எனக்கு அடுத்த வாரமும் ஆட்டம் இருந்ததே, உடம்பில் காயம் கூடாதே. அம்மா எனக்குச் சூப் ஊற்றினாள். “தோத்தவனுக்கு என்ன உபசாரம்?” என்று அவள் தலைமுடியைப் பிடித்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகம் அடுப்புக்கு எவ்வளவு பக்கத்தில் போனது என்று நான் பார்த்தேன். அதற்குமேல் எழுதமாட்டேன். என் கை தானாகப் போயிற்று. அவர் விழுந்தார். நான் நிறுத்தவில்லை. அம்மாதான் என்னை இழுத்தாள்.

ஷெரிஃப் வந்தபோது அம்மா துண்டால் வாயை மூடிக்கொண்டு, “பையன்தான் ஆரம்பிச்சான்” என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீத்துக்குங்க” என்று ஷெரிஃப் போய்விட்டார். அவரும் அப்பாவிடம் ஆடியவர்தான். அம்மா என் பையில் துணியைத் திணித்தாள். “போ. இங்க இருந்தா அடுத்த தடவை நீ அவரைக் கொன்னுடுவ. உன்னைத் தூக்குல பாக்க என்னால முடியாது” என்றாள்.

பை கட்டினதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குள் தங்கியது அந்த ஷெரிஃபிடம் சொன்ன வார்த்தைதான். அவளுக்கு நான் வேண்டாம், அவர்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் கடலில் கிடந்தேன்.

ஒரு உதவி செய். என்னைப் பற்றி அவள் சொன்னதை இன்னொரு தடவை எழுதி அனுப்பு. தனித் தாளில். படகுக்கு எடுத்துப்போக வேண்டும். இந்தக் கடிதம் நனைந்து கிழிந்துவிட்டது.

லோவல்


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
நவம்பர் 2

அன்புள்ள லோவல்,

தனித் தாள் உள்ளே இருக்கிறது. அம்மாவையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, “இவ்ளோதான் சொன்னேனா? இன்னும் நிறையச் சொன்ன மாதிரி இருந்துச்சே” என்றாள்.

ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்றால், எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். பலசரக்குக் கடையில் நான் நுழைந்தால் வானிலை பற்றிப் பேச்சு ஆரம்பிக்கிறது. தேவாலயத்தில் அம்மா உட்காரும் பெஞ்சில் அவள் மட்டும். போன வாரம் டீனாவும் நானும் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தோம். பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

கர்ட் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. “அவர் எனக்கு அப்பா மாதிரி, மார்லிஸ்” என்றார். “எனக்கு அப்பாவேதான்” என்றேன். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் தானாக வந்தார். “ஒருதடவை, பயிற்சி முடிஞ்சு உங்க வீட்டுக்கு வந்தப்ப, உங்கம்மா கதவுக்குப் பின்னாலயே நின்னு பேசினாங்க. பாதி முகம்தான் தெரிஞ்சுது. எனக்கு ஏதோ பட்டுச்சு. ஆனா அடுத்த நாள் ஆட்டம் இருந்துச்சு” என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

நான் அம்மாவிடம் கத்தினேன். அதையும் சொல்கிறேன். “அப்பா உயிரோட இருந்தப்ப சொல்லியிருக்கலாம்! என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்! நான் ராப்பகலா ஓடியாடி ஏற்பாடு பண்ண விழாவுல வந்து, ஊரையே கூட்டி வெச்சு, ஏம்மா?” என்று கேட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“தனியா நான் சொல்லிருக்கேன் மார்லிஸ். எங்கம்மாகிட்ட சொன்னேன். பழைய பாதிரியார்கிட்ட சொன்னேன். தனியா சொன்னா தனியாவே போய்டுது. இவங்க எல்லாரும் ஒரே எடத்துல, வாயை மூடிக்கிட்டு, என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிற நாள் எனக்கு வேற எப்ப வரும்?”

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். 

இன்னொன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ போனபிறகு சில வெள்ளிக்கிழமைகளில் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பேஸ்பால் வர்ணனை, அது இல்லாத மாதங்களில் பண்ணைப் பாட்டு, எது வந்தாலும். சுவர் அதிரும். அப்பாவுக்கு ரேடியோ என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தில் நான் தூங்கிப்போவேன். சந்தோஷமாகத் தூங்குவேன், லோவல். அப்பாவைப் பற்றி எனக்குப் பிடித்த ஞாபகங்களில் அது ஒன்று. திங்கட்கிழமை பாடம் நடத்தும்போது அந்தச் சத்தம் எதற்கென்று எனக்கு உறைத்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போனேன்.

அவர் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது உண்மை. தேவாலயத்தில் அழுதது உண்மை. அந்த மனிதரும் இந்த மனிதரும் ஒரே கோட்டுதான் போட்டிருந்தார்கள். நான் எந்த அப்பாவை அடக்கம் செய்தேன்?

அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். விமானத்தில் ஏறியதே இல்லை. ‘கீழ விழுந்தா விழட்டும்’ என்கிறாள். பதினைந்தாம் தேதி அனுப்புகிறேன். வேண்டாம் என்று மட்டும் எழுதாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

மார்லிஸ்


கோடியாக்
நவம்பர் 21

மார்லிஸ்,

வந்து சேர்ந்தாள். மழை, காற்று, விமானம் இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. எல்லோரும் முகம் வெளுத்து இறங்கினார்கள். அம்மா நீலக் கோட்டில் நிமிர்ந்து வந்தாள். எனக்கு அவளைத் தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தாடி வைத்த கிழவன் ஒருவனைத் தாண்டி நடந்துபோனாள். “அம்மா” என்றேன். திரும்பினாள். “உனக்கு எப்படா நரைச்சுது?” என்றாள். அங்கேயே நின்றோம். சாமான் எடுக்க வந்தவன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். காலையில் நேரம் கழித்து எழுந்திருக்கிறாள், அதற்கு மன்னிப்பும் கேட்கிறாள். நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். படகுக்காரப் பையன்களோடு சீட்டு ஆடுகிறாள். ஏமாற்றுகிறாள். அம்மா சீட்டில் ஏமாற்றுவாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பு இவ்வளவு சத்தம் என்றும் தெரியாது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

உனக்குச் சொல்லியாக வேண்டிய ஒன்று. இரண்டாம் நாள் அவள் அடுப்படியில் நின்றாள். அவள் தலைக்கு மேலே உள்ள தட்டிலிருந்து காபி டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். வேறொன்றும் இல்லை, காபி டப்பா. அம்மா சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். இறக்கினால் இன்னும் பயப்படுவாளோ என்று பயம். அவளே நிமிர்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். “பழக்கம்டா” என்றாள். “அவர் செத்துட்டார்னு தலைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல.”

இப்போது காபி டப்பா கீழே மேஜையில் இருக்கிறது. வீட்டில் உள்ளது எல்லாமே மேஜையில்தான் இருக்கிறது. சாப்பிட இடமில்லை.

நீ எந்த அப்பாவை அடக்கம் செய்தாய் என்று கேட்டாயே. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். உனக்கு இரண்டு பேர். உனக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி என்று அம்மா சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க இங்கே இருக்கட்டும்.

உன் அண்ணன்
லோவல்


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
டிசம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கும் சேர்த்துப் படித்துக்காட்டு.

திங்கட்கிழமை பள்ளி நிர்வாகக் கூட்டம். பலகை இருப்பதா எடுப்பதா என்று பேசினார்கள். யாரும் ‘அடித்தார்’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ‘அந்தச் சம்பவம்’ என்றார்கள், ‘குடும்பப் பிரச்சினை’ என்றார்கள். “செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாதே” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பேசுவதாகவே இல்லை. பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என்னவோ எழுந்துவிட்டேன்.

“நான் பதில் சொல்றேன். நான் அந்த வீட்ல இருந்தேன். ரேடியோ சத்தம் கேட்டேன். என்ன சத்தத்தை மறைக்க அதை வெச்சார்னு இப்ப எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குப் புத்தி பிசகல” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.  வேறொன்றும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பலகை அப்படியே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. கர்ட் மட்டும் எழுந்து, பலகைக்குக் கீழே பழைய ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருக்கும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவருக்குக் கஷ்டமான வேலை அது. காரில் ஏறியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தோற்றுவிட்டோம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். இனி நடந்ததைக் கேள்.

இன்று காலை. டீனா பள்ளிக்குப் போய்விட்டாள். எனக்கு முதல் வகுப்பு இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் பெரிய இரைச்சல். எட்டிப் பார்த்தால் பள்ளிப் பேருந்து. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாக எங்கள் வீட்டு முன்னால், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஓட்டுவது ட்வைலா பெக்கம். நீ போனபிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பனியில் பேருந்து சறுக்கினால் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறவள். ஊரில் அவளைப் பிடிக்காத ஆளில்லை. அவள் வீட்டுக்காரன் தேவாலயத்தில் டீக்கன், பாதிரியாருக்கு உதவியாள்; ஞாயிற்றுக்கிழமை கதவருகே நின்று எல்லோருக்கும் கை கொடுப்பான்.

இறங்கி வந்தாள். சிரிக்கவில்லை. கதவைத் தட்டாமல் வாசலிலேயே நின்றாள். நான் திறந்தேன்.

“உங்கம்மா இருக்காங்களா?” என்றாள்.

“அலாஸ்கால இருக்காங்க ட்வைலா. அண்ணன் வீட்ல.”

“ஓ.” கீழே பார்த்தாள். “எப்ப வருவாங்க?”

“குளிர்காலம் முடிஞ்சு.”

“ஓ” என்றாள் மறுபடியும். திரும்பிப் போகப் பார்த்தாள். போகவில்லை. பேருந்தின் படியில் ஒரு கால் வைத்து நின்றாள். அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன், லோவல். அம்மாவும் இப்படித்தான் முதுகைக் காட்டி நிற்பாள். ட்வைலா எதற்கு அம்மாவைத் தேடி வந்தாள் என்று கேட்க வேண்டியே இருக்கவில்லை.

“ட்வைலா” என்றேன். “நான் இருக்கேன்.”

திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள், பேருந்தில் புதிதாக ஏறும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

“நீ போதுமா?” என்றாள்.

“தெரியல” என்றேன். “இஞ்சினை அணைச்சுட்டு உள்ள வா.”

அணைத்தாள். தெரு அப்படி அமைதியாகிவிட்டது. அவள் இப்போது டீனாவின் கட்டிலில் தூங்குகிறாள். நான் பள்ளிக்குப் போன் செய்து இரண்டு பேருக்கும் லீவு சொல்லிவிட்டேன். மத்தியானம் ஆகிவிட்டது, மஞ்சள் பேருந்து இன்னும் வாசலில் நிற்கிறது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு போகிறது. பார்க்கட்டும்.

அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா எழுதி அனுப்பிய நம்பர் இருக்கிறது, நீ நண்டு இறக்கும் கேனரித் தொழிற்சாலையின் ஆபீஸ் நம்பர்; நாளைக் காலை அதற்குக் கூப்பிடப்போகிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் பேசியிருப்போம். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாமல் உட்கார முடியவில்லை.

மார்லிஸ்